கட்டணக் கடனும் கைப்பணியும்

பிறர் குழந்தையைப் பகற்பொழுதெல்லாம் வைத்துக் காத்துக் கொடுக்கும் ஒருத்திக்கு, அக்குழந்தையின் தாய் தரவேண்டிய மாதக் கட்டணம் நின்றுபோகின்றது. ஒரு மாதம் இரண்டாகி, இரண்டு மூன்றாகின்றது. தாய் ஒருநாள் மாலை குழந்தையை அழைத்துச் செல்ல வந்தவிடத்து, "அக்கா, பணமாகத் தர இப்போது வழியில்லை. உங்கள் வீட்டுப் பாத்திரம் துலக்கித் துணி துவைத்து அந்தக் கணக்கைக் கழித்துவிடுகிறேன்" என்கின்றாள். இதனை ஏற்றுக்கொள்ளலாமா? ஏற்றல் அருளின் பாற்படுமா, அன்றிப் பிறர் இடுக்கண்ணிற் பயன்கொள்ளும் இழிவின் பாற்படுமா? இதுவே ஈண்டு ஆராயப்புகுந்த பொருள்.

இது வீட்டுக் கணக்கைச் சார்ந்ததொரு சிறு வினா. சாத்திர விசாரணைக்குரிய பக்கங்களில் இதற்கு இடமென்னை எனக் கேட்பார் உளராகலாம். கடன், அடிமை, தொண்டு என்னும் மூன்று சொற்களையும் நாடோறும் நாவில் வைத்து வழங்குவோர் சைவர். இறைவற்கு அடியேம் என்று பெருமிதத்தோடு சொல்லிக்கொள்ளும் நாம், மனிதர்க்கு மனிதர் அடிமையாகும் வாயில் எவ்விடத்தே திறக்கின்றது என்பதை அறியாதிருத்தல் தகாது. அவ்வாயிலைத் திறப்பது எப்பொழுதும் கொடுமையே என்று எண்ணுதற்கில்லை. பல வேளைகளில் இரக்கமே அதனைத் திறந்துவைக்கின்றது. ஆதலின், இரக்கமுள்ளோர்க்கே இவ்வாராய்ச்சி மிகுதியும் வேண்டப்படுவதாம்.

முதற்கண் இக்கடனின் இயல்பை நோக்குவோம். அரிசிக்கடைக் கடனும் இதுவும் ஒன்றல்ல. கடைக்கடன் நீளின் கடைக்காரர் சரக்கை நிறுத்துவர். வாங்குவோர் வேறு கடை தேடுவர். காப்பகம் நடத்துபவள் குழந்தையை நிறுத்திவிட்டாலோ, தாய் வேலைக்குப் போக இயலாது. வேலை போயின் ஊதியம் போம். ஊதியம் போயின் பழைய நிலுவை ஒருகாலும் தீராது. காப்பினாலே வருவாய், வருவாயினாலே காப்பு என இரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. கூட்டுக்குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் செய்துவந்த காலத்து இதற்கு விலையிருந்ததில்லை. இன்று தறிக்கூடத்துக்கும் தையற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் தாய்க்கு இது வாடகையைப் போல, அரிசியைப் போல, மாதந்தோறும் வந்து நிற்கும் செலவாயிற்று.

இன்னொன்றும் உண்டு. கடன் கொடுத்தவள் கையிலேயே கடன்பட்டவளின் குழந்தை இருக்கின்றது. நகையை ஈடுவைத்தவன் நகையின்றி உறங்குவான். குழந்தையை ஒருவர் கையில் ஒப்படைத்தவள் அவர் முகம் சிறிது மாறினும் உறங்காள். காப்பாட்டி மனத்தில் அத்தகைய எண்ணம் சிறிதும் இல்லாதிருக்கலாம். ஆயினும் ஈடுபோன்ற ஒன்று அவள்பால் இருக்கின்றமையின், அவள் கேளாமலே கொடுக்கப்படும் சலுகைகள் பல. அவள் விரும்பாமலே அவளுக்கு அஞ்சுவோர் உளர். "துணி துவைக்கிறேன்" என்று தாய் சொன்ன சொல்லின் பின்னே இவ்வச்சம் நின்றதா என்பதை யார் அறிவர்? சொன்ன தாயும் தெளிவாக அறியாள்.

இதனாற் காப்பாட்டியைக் கொடியளாக எண்ணிவிடுதலும் பிழை. நம் ஊர்களில் வீட்டு முன்னறையில் ஆறேழு குழந்தைகளை வைத்துக் காப்பவள் செல்வச் சீமாட்டி அல்லள். பெரும்பாலும் அதே தெருவில் வாழ்பவள். கணவனை இழந்தவளாகவோ, ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ, தன் பிள்ளைகளின் படிப்புக்கு வழிதேடுபவளாகவோ இருப்பாள். பாலுக்கும் பருப்புக்கும், உடனிருந்து உதவும் ஆயாவுக்கும் அவள் மாதமுடிவில் பணமே கொடுக்கவேண்டும். துலக்கிய பாத்திரத்தைக் காட்டிப் பாற்காரரிடம் கணக்குத் தீர்க்க இயலாது. ஆதலின், "முழுதும் விட்டுவிடுக" என்று அவளுக்கு அறிவுரை கூறுவோர் பிறர் பொருளைக் கொண்டு தாம் கொடைப்புகழ் தேடுவோரேயாவர். அவள் விட்டுக்கொடுத்தால் அப்பளு ஆயாவின் தலையில் இறங்குதலும் கூடும்.

இனிச் சட்டம் யாது கூறுகின்றது எனின், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவில் இதனைத் தெளிவாகவே பேசுகின்றது. வாக்களிக்கப்பட்டவர் தமக்கு வரவேண்டியதை முழுவதுமோ ஒரு பகுதியோ விட்டுவிடலாம், தவணை நீட்டலாம், அதற்கு மாறாகத் தமக்குத் தக்கதெனத் தோன்றும் வேறொன்றை ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம் என்பது அதன் கருத்து. பழைய உரோமச் சட்டமும், வாங்குபவர் இசைவின்றி ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொடுத்துக் கடன் தீர்த்தல் ஆகாது என்றே வகுத்தது. எனவே, பணம் வேண்டும் என்று காப்பாட்டி உறுதியாகச் சொல்லிவிட்டால் அதனைப் பாவமென்று எவரும் பழித்தற்கில்லை. மாற்றுப்பணியை ஏற்றல் அவளுக்கு உரிமையாகுமேயன்றிக் கடமையாகாது.

63-ஆம் பிரிவில் மூன்று வழிகள் ஒருங்கே வைக்கப்பட்டிருத்தலை அன்பர்கள் உற்றுநோக்குக. விட்டுவிடுதல் ஒன்று, காத்திருத்தல் ஒன்று, மாற்றுப்பொருள் கொள்ளுதல் ஒன்று. யாருக்கு எவ்வழி என்பதைச் சட்டம் சொல்லவில்லை. உலகம் அதனை எவ்வாறு பகிர்ந்து வந்துள்ளது என்பதைக் காண விரும்பின் மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்து 177-ஆம் சுலோகத்தை எடுத்து நோக்கலாம். கடன்பட்டவன் கொடுத்தவனோடு ஒத்த சாதியனோ தாழ்ந்த சாதியனோ ஆயின் உடலுழைப்பினாலும் கடனைத் தீர்க்கவேண்டும். உயர்ந்த சாதியன் ஆயின் மெல்ல மெல்லக் கொடுத்தாற் போதும் என்பது அதன் பொருள். உயர்ந்தவனுக்குத் தவணை, தாழ்ந்தவனுக்கு வேலை! ஒரே கடன், ஒரே தொகை, ஒரே இயலாமை. அவனுக்குக் காலம் கொடுக்கப்படுகின்றது. இவனிடமிருந்து காலம் எடுக்கப்படுகின்றது.

அச்சுலோகத்தை இன்று எவரும் சட்டமாகக் கொள்வதில்லை என்று மகிழ்ந்து அமைதல் கூடாது. அதே காப்பகத்தில் வங்கி அலுவலரின் மனைவி இரண்டு மாதக் கட்டணத்தை மறந்திருந்தால், "அதனால் என்ன அம்மா, மெதுவாகக் கொடுங்கள்" என்ற விடையே பிறக்கும். வந்து துணி துவைக்குமாறு அவரை எவரும் கேளார். அவரும் அதனைச் சொல்லார். சொன்னால் இருவரும் நகைப்பர். வீட்டுவேலை செய்து பிழைக்கும் தாயினிடத்து மட்டும் அவ்வெண்ணம் இயல்பாக எழுகின்றது. எழுதாச் சுலோகம் ஒன்று நம் வீட்டு முன்னறைகளில் இன்னும் ஓதப்படுகின்றது. மாற்றுப்பணியை ஏற்க எண்ணுபவள் தன்னைத்தான் கேட்டுக்கொள்ளவேண்டிய முதற்கேள்வி இதுவே: இவ்விடத்து வேறொருத்தி நின்றால் யான் என் செய்வேன்? காத்திருப்பேன் என்பது விடையாயின், இவளுக்கும் முதலில் காத்திருத்தலையே முன்வைத்தல் வேண்டும். அதன் பின்னரும் அவள் தன் விருப்பத்தால் உழைப்பைத் தேர்வாளாயின் அது வேறு.

அர்த்தசாஸ்திரம் இவ்வகையில் வியக்கத்தக்கதொரு விதியைக் கூறுகின்றது. கடனுக்கு ஈடாக இருக்கும் ஆளைப் பிணம் சுமக்கச் செய்தாலும், மலமூத்திரமோ எச்சிலோ எடுக்கச் செய்தாலும், அடித்து வைதாலும், பெண்ணாயின் கற்புக்கு ஊறுசெய்தாலும் கொடுத்த பணம் முழுவதும் இழக்கப்படும் என்கின்றது அந்நூல். அடிமைமுறையையே ஒழிக்க எண்ணாத காலத்து நூல். எனினும், ஆளைப் பெற்றவன் அவன் மானத்தைப் பெற்றவனாகான் என்னும் வரம்பு அதற்குத் தெரிந்திருந்தது.

இனி ஒரு தடை. "தாய் தானே வந்து கேட்டாள், எவரும் வற்புறுத்தவில்லை, இசைந்து செய்வதில் அறக்கேடு யாது?" என்பார் உளர். அற்றன்று. 1982-ஆம் ஆண்டில் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடம் எழுப்பிய தொழிலாளர் பற்றிய வழக்கில், நீதிபதி பகவதி அவர்கள் எழுதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு இவ்வினாவுக்கு விடையளித்துள்ளது. கைவிலங்கும் கசையும் மட்டும் வலுக்கட்டாயம் அல்ல. பசியும் வறுமையும் வேறு வழியின்மையும் ஒருவரை ஒரு வேலையை ஏற்கச் செய்யின் அதுவும் வலுக்கட்டாயமே. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவர் வேலை செய்ய நேரின் அது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு விலக்கிய கட்டாய உழைப்பேயாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இசைந்தேன் என்ற சொல்லைக் கேட்டு அமையாமல், இசையாவிடின் அவளுக்கு என் நேரும் என்பதையும் நோக்குக என்று நீதிமன்றம் கூறிற்று. நம் காப்பகத்திலும் அதுவே நோக்கத்தக்கது. "வேண்டாம்" என்று தாய் சொல்லியிருந்தாலும் குழந்தைக்கு அடுத்த நாளும் அதே பாய், அதே பால், அதே முகம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் எனின் அவள் இசைவு இசைவாம்.

அங்ஙனம் உண்மையாகவே இசைந்தாள் என்று வைத்துக்கொள்வோம். இதற்குமேல் எல்லாம் கணக்கைப் பொறுத்தது. கணக்கென்றதும் அன்பர் சிலர் முகஞ்சுளிப்பர். "ஒருவர்க்கொருவர் உதவியாகச் செய்துகொள்வதில் மணிக்கணக்கு எதற்கு? அவளால் ஆனதைச் செய்யட்டும், யானும் கறாராகப் பாரேன்" என்பதே பெருந்தன்மை போலத் தோன்றும். நிகரானோர் இருவரிடை அது பெருந்தன்மையே. ஒருவர் கையில் மற்றவரின் நிலுவையும் குழந்தையும் இருக்குமிடத்து, எண்ணாமல் விடுதலே விலங்காகின்றது. எங்ஙனமெனின், கூறுதும்.

மாதக் கட்டணம் 2,000 ரூபாய் என்க. மூன்று மாத நிலுவை 6,000. தாய் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம், மாதத்தில் 26 நாள், ஆக 52 மணிநேரம் வேலை செய்கின்றாள். மணி ஒன்றுக்கு 60 ரூபாய் மதிப்பிட்டால் மாதம் 3,120 ரூபாய் ஆகும். நடப்பு மாதக் கட்டணம் 2,000 அதிற் கழிய, எஞ்சிய 1,120 பழைய நிலுவையைக் குறைக்கும். ஐந்து மாதத்தில் 5,600 தீர்ந்து, ஆறாம் மாதத்தில் கணக்கு முடியும். மதிப்பை மணிக்கு 30 ரூபாயாகக் குறைத்துப் பார்க்க. 52 மணிநேரத்துக்கு 1,560 ரூபாயே ஆகின்றது. நடப்புக் கட்டணத்துக்கே 440 ரூபாய் குறைவு. அவள் ஒருநாளும் தவறாமல் வந்து துவைத்துத் துலக்கிக்கொண்டிருக்கையிலேயே அவள் கடன் மாதந்தோறும் ஏறும். ஆண்டு முடிவில் 6,000 என்பது 11,280 ஆகி நிற்கும். முப்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் எவ்விடத்தோ மனிதர் அடிமையாகும் கோடு கிடக்கின்றது. எந்தச் சாட்டையும் வேண்டாம். கூட்டலும் கழித்தலும் போதும். எண்ணாமல் விட்டவிடத்தோ அக்கோட்டை எப்பொழுது கடந்தோம் என்பதும் தெரியாது.

தலைமுறை தலைமுறையாக வயலிலும் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் மக்கள் கட்டுண்டு கிடந்தமை இந்தக் கணக்கினாலேயாம். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் அறுத்தெறிந்தது. அதற்கு முன்னரே, 1933-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பெற்றோர் தம் கடனுக்காகப் பிள்ளையின் உழைப்பை ஈடுவைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று விதித்தது. பெற்றோர் கடனும் பிள்ளையும் ஒரே ஓலையில் எழுதப்படும் வழக்கம் இருந்தமையாலன்றோ அதனை விலக்கச் சட்டம் வேண்டியிருந்தது.

கணக்கிடுதல் அன்பைக் கெடுக்கும் என்பார்க்கு ஒரு சான்று மிகவும் துணைபுரியும். அதனை மறைத்தல் நேர்மையன்று. இசுரேல் நாட்டு ஹைபா நகரத்தில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்னும் பொருளியல் அறிஞர் இருவர் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குழந்தையை அழைத்துச் செல்லத் தாமதித்து வரும் பெற்றோர்க்கு ஆறு காப்பகங்களில் சிறு தண்டத்தொகை விதிக்கப்பட்டது. தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், கூடிற்று. தண்டத்தை நீக்கிய பின்னரும் பழைய நிலை திரும்பவில்லை. ஆயாவைக் காக்கவைக்கின்றோமே என்று முன்பு கூசியவர்கள், பணம் கொடுத்துக் காலத்தை வாங்குகின்றோம் என்று கூச்சம் ஒழிந்தார்கள். விலை குறித்தவுடன் கடப்பாடு அகன்றது.

இஃது உண்மையே. ஆயின் அங்கே விலை யாருக்கு இடங்கொடுத்தது என்பதை ஆராய்க. கொடுக்க வல்ல பெற்றோர்க்கு அது உரிமச்சீட்டாயிற்று. நம் வழக்கில் கொடுக்க இயலாத தாய் எதிரே நிற்கின்றாள். இவ்விடத்து விலை குறியாமையே காப்பாட்டிக்கு உரிமச்சீட்டாகின்றது. "இன்று விருந்தினர் வருகின்றனர், சற்று முன்னே வா" என்பாள்; "மாடியையும் பெருக்கிவிடு" என்பாள்; தாய் மறுக்கமாட்டாள், எத்துணை மிஞ்சியிருக்கின்றது என்று அவளுக்குத் தெரியாதாகலின். இரண்டிடத்தும் வலியார் பக்கமே இடங்கிடைக்கின்றது. எளியார்க்கு உதவுவது எதுவோ அதனை அவ்வவ்விடத்துக் கைக்கொள்ளுதலே முறை.

இவ்விடத்து ஒரு மூன்றாம் ஆளையும் நினைக்கவேண்டும். காப்பாட்டி வீட்டில் முன்னரே ஒருத்தி மாதக்கூலிக்குப் பாத்திரம் துலக்கி வந்தாள் எனின், கடன்பட்ட தாய் வந்தவுடன் அவள் நிறுத்தப்படுவாள். இருவரிடை நடந்த அருட்செயலுக்கு மூன்றாமவளின் சோறு விலையாயிற்று. இதனைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

இனி, சைவர்க்கு நெருங்கிய பகுதிக்கு வருவோம். இவ்வாறு செய்யும் வேலையைச் "சேவை" என்றும் "தொண்டு" என்றும் வழங்குவோர் இன்று மிகுதி. "பணமில்லாவிட்டால் என்ன, சேவை செய்யட்டும்" என்கின்றனர். சொல் நன்று, பொருள் பிறழ்ந்தது. கடனுக்காகச் செய்வது வேலை. அதற்குக் கூலியுண்டு, அளவுண்டு, முடிவுண்டு. தொண்டுக்கு இம்மூன்றும் இல்லை. சரியை நெறியைத் தாசமார்க்கம் என்று நம் நூல்கள் வழங்குதல் உண்மை. திருக்கோயில் அலகிடுதலும் மெழுகுதலும் மாலை தொடுத்தலும் உடலால் ஆற்றும் பணிகளே. ஒருத்தி தன் நிலுவைக்காகப் பிறர் வீட்டை மெழுகுவதும் புறத்தே அதே செயல்தான். ஆயினும் முன்னையது வேண்டாமை இல்லாத அன்பினால் எழுவது. பின்னையது வேறு போக்கின்மையால் எழுவது. இரண்டுக்கும் ஒரு பெயரிட்டால், முன்னையதன் பெருமையைப் பின்னையதற்குக் கொடுத்து, பின்னையதன் கூலியைக் கொடாமல் நிறுத்துவதற்கே அது பயன்படும்.

திருவீழிமிழலையில் பஞ்சகாலத்து நிகழ்ந்ததைப் பெரியபுராணம் கற்றோர் அறிவர். அடியவர்க்கு அமுதளிக்கும்பொருட்டு அப்பரடிகட்கும் ஆளுடையபிள்ளையார்க்கும் இறைவன் நாடோறும் படிக்காசு அருளினான். அப்பர் காசு வட்டமின்றிச் செலாவணியாயிற்று. பிள்ளையார் காசுக்கு வாசி கழிக்கப்பட்டது. அப்பரடிகள் கைத்தொண்டு செய்தமையால் அவர் காசு வாசியில்லாததாயிற்று என்பது காரணமாகச் சொல்லப்படுகின்றது. இதனைக் கொண்டு, உழைப்பும் காசும் மாற்றத்தக்கன என்பதற்கு இறைவனே சான்று என்று வாதிப்பார் உளர். அங்ஙனமன்று. அப்பரடிகள் காசுக்காக உழவாரம் ஏந்தினார் அல்லர். காசு பெறாத காலத்தும் ஏந்தினார். ஒன்றுமட்டும் அவ்வரலாற்றிற் பெறப்படும்: உடலுழைப்பின் மாற்று ஒருகாலும் குறைவுடையதன்று. உழைப்பை மதிப்பிடப் புகுந்தவர் அதில் வட்டம் பிடித்தலாகாது. அறுபது பெறும் மணிநேரத்தை முப்பதென்று எழுதுதல் வட்டம் பிடித்தலே.

"திருவெண்ணெய்நல்லூரில் இறைவனே முதியவனாய் வந்து, பாட்டன் எழுதிய ஓலையைக் காட்டி நம்பியாரூரரை அடிமைகொண்டானே, அது யாதாம்?" எனின், அது பிறவிக்கட்டை அறுத்தற்பொருட்டு நிகழ்ந்தது, யாதொரு குறையும் இல்லாதவன் அடிமை கொண்டது. பால்விலைக்கும் ஆயா கூலிக்கும் கவலுறும் நாம் அவ்விடத்தில் நம்மை வைத்துக்கொள்ளல் ஆகாது. பாட்டன் ஓலையைக் காட்டிப் பேரனை ஆளும் உரிமையை மனிதர் மனிதர்மேற் கொண்டதைத்தான் 1976-ஆம் ஆண்டின் சட்டம் அறுத்தது. ஆயினும் அவ்வரலாற்றில் இறைவன் நடந்துகொண்ட முறையையாவது நாம் கற்றுக்கொள்ளலாம். படியோலை கிழிக்கப்பட்டபோது அவன் கையைப் பற்றி இழுத்துச் செல்லவில்லை. சபையார் முன் சென்றான், மூலவோலையை நீட்டினான், பாட்டனார் கையெழுத்தோடு ஒத்துப்பார்க்க இசைந்தான். எழுத்தும் சான்றும் பலர் அறிய ஆராய்ந்த பின்னரே வழக்கு வென்றான். எல்லாம் உடையானே எழுத்தைக் காட்டினான் எனின், மூன்று மாத நிலுவைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிக் காட்டுவதில் நமக்கென்ன குறைவு? மதுரையில் பிட்டுக்கு மண் சுமக்க வந்தபோதும் கூலி இன்னதென்று வந்தியம்மையோடு முன்னரே பேசி, உதிர்ந்த பிட்டு மட்டுமே என்று முடிவாகிய பின்னரே கூடையைத் தலையில் ஏற்றினான்.

இதுகாறும் கூறியவற்றால், மாற்றுப்பணியை மறுத்தலே தூயது என்ற எண்ணம் பிறக்குமாயின் அதுவும் தவறு. கொடுக்க இருகையன்றி வேறில்லாத ஒருத்தி, அக்கையாற் கொடுக்க முன்வரும்போது, "வேண்டாம், இருக்கட்டும்" என்று விலக்குதல் அவளை இரவலர் வரிசையில் நிறுத்துவதாகும். 1844-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பிர்மென் மார்போ என்பவர் ஏழைத் தொழிலாளப் பெண்களின் கைக்குழந்தைகளுக்கென ஒரு காப்பகம் ஏற்படுத்தினார். அறக்கொடையால் நடந்த அவ்விடத்தும் தாய்மாரிடம் நாளுக்கு ஒரு சிறு தொகை வாங்கப்பட்டது. அத்தொகையால் செலவு முழுதும் அடையாது. கொடுத்தோம் என்று தாய் தலைநிமிர்ந்து வருவதற்கு அது போதும். கொடுத்துத் தீர்த்தேன் என்னும் சொல்லைச் சொல்லும் உரிமை ஏழைக்கும் உண்டு. அவ்வுரிமையை இரக்கத்தின் பெயரால் பறித்தல், உழைப்பைக் கூலியின்றிப் பறித்தலினும் சிறிதே குறைந்த குற்றம்.

1916-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனைவியர் கூடி ஒரு கூட்டுறவுக் காப்பகம் அமைத்தனர். தாய்மார் முறைவைத்து வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டனர். அங்கே உழைப்பு கட்டணத்தோடு கலந்திருந்தது, எவரும் தாழவில்லை. அனைவரும் முறைசெய்தமையே அதற்குக் காரணம். நம் காப்பகத்திலும் வேலை ஏற்பதாயின், அடுக்களைச் சாக்கடையை விடக் குழந்தைகளோடு தொடர்புள்ள வேலையையே தேர்தல் நன்று. கதை சொல்லத் தெரிந்தவளைக் கதை சொல்லச் செய்க. தைக்கத் தெரிந்தவள் குழந்தைகளின் சிறு மெத்தைக்கு உறை தைக்கட்டும். சமைக்கத் தெரிந்தவள் நண்பகற் கஞ்சியைக் காய்ச்சட்டும். ஏனெனின் அவ்விடத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு சிறு கண்கள் உள. மற்றக் குழந்தைகள் உண்ட எச்சிற்றட்டைத் தன் தாய் மட்டும் குனிந்து எடுப்பதை நாடோறும் காணும் குழந்தை, எழுத்தறியுமுன்னே தன் இடம் எதுவென்று அறிந்துவிடும். மற்றக் குழந்தைகளும் அதனை அறிந்துகொள்ளும். மூன்று வயதில் கற்ற அப்பாடத்தை முப்பது வயதில் மறக்கச் செய்யும் பள்ளியை யாம் கண்டிலேம். கட்டணத்தை வாங்கியது காப்பாட்டி. கொடுக்கத் தவறியது தாய். குழந்தையோ எவ்வொப்பந்தத்திலும் கையெழுத்திடவில்லை.

ஆதலின், முன்னே கூறிய கணக்கின்படி உடன்பாடு செய்துகொண்ட தாய்க்கு, ஐந்து மாதம் கழிந்தபின் பழைய நிலுவையில் 400 ரூபாயும் அம்மாதக் கட்டணம் 2,000 ரூபாயும் எஞ்சும். நாளொன்றுக்கு 120 ரூபாயாக, ஆறாம் மாதத்தின் இருபதாம் வேலைநாள் மாலை அதுவும் தீரும். அன்று நோட்டுப் புத்தகத்தில் அவள் கண்முன்னே கோடு கிழித்து, "தீர்ந்தது" என்று எழுதி, இருவரும் கையெழுத்திடவேண்டும். மறுநாட்காலை அவள் பழக்கத்தினால் வந்து துடைப்பத்தைக் கையிலெடுப்பாளாயின், அன்று மாலை குழந்தையோடு அவள் படியிறங்கும்போது 120 ரூபாய் அவள் கையில் பணமாகவே வைக்கப்படவேண்டும்.